ஆண்டுக்கு ஒருநாள் திறக்கும் கோட்டம்

பாலைவனத்து ஒட்டகத் திருவிழாவைக் காண விரும்பிய நண்பர் அறுவர், ஈற்றில் மலைமீது கண்ணகியைக் கண்டு திரும்பினர் என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் நிகழ்ந்தது அதுவே. அந்த ஒருநாட் பயணமும், அது எமக்குக் கற்பித்த வரலாறுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

பத்தாம் வகுப்புத் தேறியபின் இரயில்வேப் பணியில் புகுந்து, சரக்குக் கணக்கு எழுதிப் பழகியவர் யாம். எமது கைக்கு வரலாறு எழுதும் துணிவு எளிதில் வருவதன்று. எனினும் சங்கத்தார் மலருக்குக் கட்டுரை வேண்டினர். அதனினும் மேலாக, நம் காலனிக் குழந்தை ஒன்று கேட்ட கேள்விக்கு விடைகூறும் கடன் எம்மேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் வகுப்பில் ஒருநாள் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளியில் மலையாளம் பயிலும் ஒன்பது வயதுச் சிறுமி எழுந்து, "கண்ணகி தமிழ்நாட்டவளா, கேரளத்தவளா?" என்று கேட்டாள். தமிழச்சி என்று சொல்லிவிட்டோம். "அப்படியானால் அவள் கோயில் ஏன் இடுக்கியில் இருப்பதாக என் தோழி சொல்கிறாள்?" என்று மறுபடியும் கேட்டாள். அதற்கு எம்மிடம் விடை இல்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தோம்.

ஒட்டகம் போயிற்று, மலை வந்தது

அவ்வாண்டு, அதாவது 2024ஆம் ஆண்டு, கார்த்திகைப் பௌர்ணமிக்கு இராஜஸ்தானத்துப் புஷ்கரம் செல்ல யாம் அறுவரும் திட்டமிட்டிருந்தோம். ஆஜ்மீருக்கு அருகிலுள்ள புஷ்கரத்தில் அப்பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஒட்டகச் சந்தை கூடும். மணற்பரப்பெங்கும் ஒட்டகங்கள் நிற்கும். வாங்குவோரும் விற்போரும் ஒருபுறம். ஏரியில் நீராடிப் பிரமன் கோயிலுக்குச் செல்லும் அடியார் மறுபுறம். வணிகமும் வழிபாடும் ஒன்றாய்க் கலந்த விழா அது. இரயில்வே ஊழியர்க்குப் பாஸ் உண்டு, ஆசையும் உண்டு. விடுப்பு மட்டும் அறுவர்க்கும் ஒருசேரக் கிடைக்கவில்லை. பெட்டிகள் கட்டுமுன்பே பயணம் கலைந்தது.

மனம் சோர்ந்திருந்த எம்மை நோக்கி, கேங்மேனாகப் பணிபுரியும் நண்பர், "ஆண்டுக்கு ஒருமுறை கூடும் விழாவைக் காண ஆயிரங்காதம் போகவேண்டுமா? நமக்கு அண்மையில் ஆண்டுக்கு ஒரே நாள் திறக்கும் கோயில் ஒன்று உண்டே" என்றார். அவர் கூறியது இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரத்தில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டமாகும். சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டுமே அங்கே மக்கள் செல்லலாம். சிறுமியின் கேள்வி எம் நினைவுக்கு வந்தது. 2025 மே 12, திங்கட்கிழமை, சித்திரைப் பௌர்ணமி. அந்நாளுக்கு அறுவரும் முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்தோம். இம்முறை கிடைத்தது.

அறுவருள் ஐவர் தமிழர். ஒருவர் ஒற்றப்பாலத்து மலையாளி; இரயில் ஓட்டும் லோகோ பைலட். நம் காலனியில் பதினைந்தாண்டுகளாக அண்டை வீட்டவர். அவர் உடன்வந்தது பின்னர் எமக்குப் பெருந்துணையாயிற்று.

எல்லையை இருமுறை கடந்தோம்

ஞாயிறு மாலை ஒரு வேன் அமர்த்திக்கொண்டு பாலக்காட்டிலிருந்து புறப்பட்டோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் வழியே செல்லும் பாதை அது. கேரள மாவட்டம் ஒன்றிலிருந்து மற்றொரு கேரள மாவட்டத்தின் எல்லைக்குச் செல்லத் தமிழ்நாட்டின் ஊடே இரவு முழுதும் பயணஞ் செய்தோம். இதனை எண்ணும்போதே எல்லை என்பதன் இயல்பு சிறிது விளங்கும்.

நாம் வாழும் பாலக்காடு 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. குமுளியோ திருவிதாங்கூர் மன்னர் நாட்டில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபாரும் திருவிதாங்கூர்க் கொச்சியும் சேர்ந்து கேரளமாயின. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்ற கிளர்ச்சி பலிக்கவில்லை. தெற்கே கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்திற்கு வந்தது. அதே 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள்தான் நமது ஒலவக்கோடு இரயில்வே கோட்டமும் தோன்றியது. நம் பாட்டனார் சிலர் சென்னை மாகாணத்து ஊழியராய்ப் படுத்துக் கேரளத்து ஊழியராய் எழுந்தனர் என்று காலனியில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்கள் ஒரு முழமும் இடம் பெயரவில்லை, கோடுதான் பெயர்ந்தது.

தேனியைக் கடக்கையில் எம் தொழில் நினைவு எழுந்தது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் வந்த மீட்டர்கேஜ் பாதை இவ்வழியே சென்றது. ஏலக்காய் வணிகத்திற்கு உறுதுணையாய் நின்ற பாதை. அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்ட இரயில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் மீண்டும் வந்தது. பன்னிரண்டு ஆண்டு இரயிலின்றி வாழ்ந்த ஊர்களின் அருமை, இரயில்வேக்காரர்க்கே நன்கு தெரியும்.

விடியுமுன் கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் அடைந்தோம். மலைக்கு அப்பால் பெரியாற்றில் தேக்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி வரும் இடம் இது. 1886இல் திருவிதாங்கூர் அரசு 999 ஆண்டுக் குத்தகைக்கு உடன்பட, பென்னிகுவிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர் தலைமையில் 1887இல் பணி தொடங்கி 1895இல் அணை நிறைவேறியது. அவருக்கு இவ்வூரில் மணிமண்டபம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் தென்னையும் அந்நீரின் கொடை. மேற்கே ஓடவேண்டிய ஆறு கிழக்கே ஓடுகிறது. அதன் பொருட்டு இரு மாநிலங்களும் நெடுங்காலமாக வழக்காடுகின்றன. கோயிலைப் பற்றிய வழக்கும் அதே மலையில் நிற்கிறது.

நூல் சொல்லும் வரலாறு

மலையேறுமுன், சிலம்பின் வஞ்சிக் காண்டத்தைச் சுருங்கக் கூறுவது நலம். மதுரை எரிந்ததோடு கதை முடிந்தது என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். திரைப்படங்களும் நாடகங்களும் பெரும்பாலும் அங்கே திரையை இழுத்துவிடுகின்றன. நூலோ அங்கே முடியவில்லை.

ஆடித் திங்களில் மதுரை எரிந்தபின், கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்தாள். மேடென்றும் பள்ளமென்றும் பாராது, பகலென்றும் இரவென்றும் அறியாது நடந்து, நெடுவேள் குன்றத்தை அடைந்து, வேங்கை மரத்தின் கீழ் நின்றாள். பதினான்காம் நாள் கோவலனோடு விண்ணேறினாள். அதனைக் கண்டவர் அரசரும் அல்லர், புலவரும் அல்லர், மலைவாழ் குறவர். அவளைத் தெய்வமென முதலில் வணங்கிக் குரவையாடியவரும் அவர்களே.

சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளுடன் மலைவளம் காண வந்து பெரியாற்றங்கரையில் தங்கியிருந்தான். மலைமக்கள் தேனும் சந்தனமும் யானைக்கொம்பும் காணிக்கையாகச் சுமந்து வந்து, தாம் கண்டதை அவனுக்கு உரைத்தனர். உடனிருந்த சாத்தனார் முன்கதையைச் சொன்னார். இத்தகைய பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்று கூறியவள் வேண்மாளே. செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, எதிர்த்த கனகவிசயர் தலைமேல் ஏற்றிக் கொணர்ந்து கோட்டம் அமைத்தான். கடவுள்மங்கல நாளில் குடகுநாட்டுக் கொங்கரும், மாளுவ வேந்தரும், இலங்கைக் கயவாகு மன்னனும் வந்திருந்தனர் என்பது நூலின் செய்தி. நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள கொங்குநாட்டவர் அன்றே அவ்விழாவிற்குச் சென்றவர்கள் என்பதை வாசிக்கும்போது எமக்கு ஓர் உரிமை தோன்றியது.

இனி, பலர் அறியாத ஒரு செய்தி. கோட்டம் அமைந்தபின் கண்ணகியின் தோழி தேவந்தியும் மற்றோரும் வந்து அழுதபோது, கண்ணகி தெய்வவடிவில் தோன்றிப் பேசுகிறாள். என்ன பேசுகிறாள்? பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். தான் அவனுடைய மகள் என்றும் கூறுகிறாள். கணவனைக் கொல்வித்த மன்னனை, ஊரெரித்த கை, தந்தை என்று ஏற்றுக்கொண்டது. சிறையிலிருந்த ஆரிய மன்னரும் அந்நாளில் விடுதலை பெற்றனர். வழக்கில் தொடங்கிய கதை மன்னிப்பில் முடிகிறது. இதனை மனத்திற் கொண்டு மலையேறுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

இரு வழிகள்

கோட்டத்திற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று குமுளியிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் செல்லும் ஜீப் வழி. மற்றொன்று தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டில் ஏறும் நடைவழி. லோகோ பைலட் நண்பர்க்கு முழங்கால் நோவு. அவருடன் இருவர் வேனில் குமுளி சென்று ஜீப் ஏறினர். கேங்மேன் நண்பரும் மற்றொருவரும் யாமும் பளியன்குடியில் இறங்கி நடந்தோம். "நாளும் தண்டவாளத்தில் நடப்பவனுக்கு ஜீப் எதற்கு?" என்றார் கேங்மேன். கண்ணகி நடந்தாள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏற எமக்கும் மனம் ஒப்பவில்லை.

வனத்துறையினர் பைகளைச் சோதித்தனர். பிளாஸ்டிக் பொருள் எதுவும் மேலே செல்லக் கூடாது. எம் தண்ணீர்ப் புட்டிகள் அங்கேயே நின்றன. கேங்மேன் நண்பரின் எவர்சில்வர்த் தூக்கு மட்டும் தப்பிப் பிழைத்து, மூவர் தாகத்தையும் தணித்தது.

வழியெங்கும் மக்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்து உழவர் குடும்பங்களே மிகுதி. தலையில் பூசைப்பொருட் கூடையும் இடுப்பில் குழந்தையுமாகப் பெண்கள் ஏறினர். முதலிற் காடு, பின்னர் புல்மலை. நிழலற்ற ஏற்றத்தில் எமக்கு மூச்சு வாங்கியது. அறுபது கடந்த மூதாட்டி ஒருவர் எம்மைக் கடந்து சென்று, திரும்பிப் பார்த்து, "உட்கார்ந்தால் கால் கனக்கும், தம்பி; நின்று மூச்சு வாங்கு" என்று அறிவுரை கூறிப் போனார். நாற்பத்தாறு வயதுக்காரரை யாரேனும் தம்பி என்றழைத்தால் மகிழ்ச்சியே. அதனால் விரைந்து நடந்தோம்.

அம்மலையில் எம் குடும்பத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. எம் அன்னையார் கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தம் தந்தையாரின் தோளில் அமர்ந்து இம்மலைக்கு வந்ததாகக் கூறுவார். அந்நாளில் அவ்வூரார் பலர் கண்ணகி என்று அறிந்திலர்; மங்கலதேவி என்றே வணங்கினர். இது கண்ணகி கோட்டமே என்று 1963இல் ஆராய்ந்து அறிவித்தவர் தஞ்சைக் கரந்தையைச் சேர்ந்த புலவர் சி. கோவிந்தராசனார். சிலம்பு கூறும் வழியைத் தம் காலாலேயே நடந்து அளந்து இம்மலையை அடைந்தவர் அவர். நூலை 1892இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நம் கைக்குத் தந்தார்; கோவிந்தராசனார் அந்நூலைக் கையிற்கொண்டு மலையைத் தந்தார். இருவர்க்கும் நாம் கடன்பட்டவர்கள்.

கோட்டத்து முற்றத்தில்

உச்சியை அடைந்தபோது காற்று பலமாக வீசியது. கிழக்கே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பாய்போல் விரிந்து தெரிந்தது. மேற்கே மலைக்குப் பின் மலையாகக் காடு.

ஆனால் கோட்டத்தைக் கண்டபோது எம் நெஞ்சம் திடுக்கிட்டது. சாந்தின்றிக் கல்மேற் கல் அடுக்கிய பழைய கட்டடம். மதில் பல இடங்களிற் சரிந்து கிடக்கிறது. கற்களின் இடையே புல்லும் செடியும் வேரூன்றி, ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கல்லாகத் தள்ளுகின்றன. இன்று காணும் கற்கட்டடம் செங்குட்டுவன் காலத்தது அன்று; பிற்காலத்தது. பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே உண்டு. பல நூற்றாண்டுகள் பல மன்னர் போற்றிய இடம், இன்று ஆண்டின் 364 நாளும் காற்றுக்கும் மழைக்கும் யானைக்கும் உரியதாய் நிற்கிறது.

அந்த ஒருநாளோ கோட்டம் உயிர்பெறுகிறது. ஒரு சந்நிதியில் தமிழ்நாட்டு முறைப்படியும் மற்றொரு சந்நிதியில் கேரள முறைப்படியும் பூசை நடக்கிறது. பெண்கள் மஞ்சட்கயிறும் வளையலும் குங்குமமும் பெற்றுச் செல்கின்றனர். இரு மாநிலக் காவலரும், இரு மாநில வனத்துறையினரும், இரு மாநில மருத்துவரும் ஒரே முற்றத்தில் நிற்கின்றனர். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றனர். ஒலிபெருக்கி இல்லை, ஆரவாரம் இல்லை. இத்தனை ஒழுங்கான திருவிழாவை யாம் கண்டதில்லை.

ஜீப்பில் வந்த நண்பர் மூவரையும் காணோம். கைப்பேசியில் சிக்னல் இல்லை. கூட்டத்தில் அரைமணி நேரம் தேடினோம். கேங்மேன் நண்பர் பொறுமையிழந்து, சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஒருமுறை ஊதிவிட்டார். வனக்காவலர் ஒருவர் விரைந்து வந்து, காட்டில் ஒலியெழுப்பலாகாது என்று கண்டித்தார். அவர் கண்டித்து முடிக்குமுன் கூட்டத்தின் மறுகோடியில் லோகோ பைலட் நண்பரின் கை உயர்ந்தது. அந்த ஒலி இரயில்வே விசிலென்று அவர் காது அறிந்துகொண்டதாம்!

யாருடைய கண்ணகி?

மதில் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். அருகே இளைஞர் சிலர், கோயில் தமிழ்நாட்டிற்கு உரியதா கேரளத்திற்கு உரியதா என்று உரத்த குரலில் வாதாடினர். தமிழ்நாட்டுத் தரப்பு 1817ஆம் ஆண்டின் நில அளவையைச் சான்றாகக் காட்டுகிறது; கேரளத் தரப்பு தன் வனப்பகுதிக்குள் இருப்பதாகக் கூறுகிறது. 1980களில் இவ்வழக்கு முற்றியபின், பல நாள் நடந்துவந்த விழா ஒரு நாளாகச் சுருங்கியது. வாதம் எம் நண்பர்களிடமும் தொற்றியது. எம்முள் ஒருவர், "தமிழ்க் காப்பியத்தின் தலைவி, தமிழர் கோயில், இதில் ஐயமென்ன?" என்று வெடித்தார். ஒரு கணம் அமைதி நிலவியது. ஒற்றப்பாலத்து நண்பர் எம் எதிரே இருந்தார்.

அவர் சினங்கொள்ளவில்லை. மெல்லச் சொன்னார்: "எங்களிலும் அவள் உண்டு. திருவனந்தபுரத்து ஆற்றுகாலில் பொங்கல் விழா நடக்கும் பத்து நாளும் தோற்றம்பாட்டில் கண்ணகியின் கதையைத்தான் பாடுகிறார்கள். கொடுங்கல்லூர்ப் பகவதியும் அவளே என்று என் பாட்டி சொல்லுவார். நம் பாலக்காட்டு வடக்கந்தறைப் பகவதி யார் என்று நினைத்தீர்கள்?"

எமக்கு நாணம் உண்டாயிற்று. வடக்கந்தறைப் பகவதியைக் கண்ணகியாக வழிபடும் மரபை, இருபதாண்டு பாலக்காட்டில் வாழ்ந்தும் யாம் கருதிப் பார்த்ததில்லை.

அறிஞரிடையேயும் இப்பொருளில் ஒருமித்த கருத்து இல்லை. சேரர் தலைநகரான வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்னும் வழக்கு நெடியது. நெடுவேள் குன்றம் என்பது திருச்செங்கோடே என்று கொண்ட பழைய உரையாசிரியரும் உண்டு. கயவாகு என்னும் இலங்கை மன்னன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினன் என்பதைக்கொண்டு சிலம்பின் காலத்தைக் கணிப்போர் ஒரு சாரார். நூல் அதற்குப் பிற்பட்டது என்போர் மறு சாரார். எமது சிற்றறிவு இவ்வழக்குகளைத் தீர்க்க வல்லதன்று.

ஆனால் ஓர் உண்மை ஐயத்திற்கு இடமின்றி நிற்கிறது. கடல் கடந்தும் அவள் சென்றாள். இலங்கையில் சிங்களவர் அவளைப் பத்தினித் தெய்வம் என்று வணங்குகின்றனர். கண்டியில் ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் ஒன்று. அவ்வூர்வலத்தில் யானைகள் அணிவகுத்துச் செல்கின்றன. மட்டக்களப்புத் தமிழரோ வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் சடங்கை இன்றும் பேணுகின்றனர். போரால் பிரிந்த இரு மக்களும் ஒரே பெண்ணை வணங்குகின்றனர் என்றால், வேலியால் பிரிந்த நாம் அவளுக்காகச் சண்டையிடுவது முறையாகுமா?

யாம் நண்பர்க்கு வஞ்சிக் காண்டத்தின் இறுதியை எடுத்துரைத்தோம். கண்ணகி பாண்டியனைப் பழியற்றவன் என்று கூறியதைக் கேட்டு அவர் வியந்தார். "எங்கள் பாட்டில் அவள் சினம் தணிவதே இல்லை, உங்கள் நூலில் தணிந்துவிடுகிறதே" என்றார். முன்னர் வெடித்துப் பேசிய நண்பர் தம் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார். காலனிக்காரர் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான்.

மாலை ஆவதற்குள் மலையை விட்டு இறங்கவேண்டுமென்று காவலர் அறிவித்தனர். ஜீப் வழியினர் மேற்கேயும், நடைவழியினர் கிழக்கேயும் இறங்கி, இருட்டுமுன் லோயர் கேம்பில் ஒன்றுகூடினோம். மதுரையில் அன்றுதான் கள்ளழகர் வையையில் இறங்கினார். வழியில் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் அக்காட்சியைக் காட்டினர். கண்ணகி எந்த ஆற்றங்கரையோடு தனியே நடந்தாளோ, அந்த ஆற்றில் அன்று இலட்சக்கணக்கானோர் நின்றனர்.

சிறுமிக்கு விடை

வீடு திரும்பியதும், கோட்டத்தில் பெற்ற வளையல்களை எம் அன்னையாரிடம் கொடுத்தோம். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மதில் நிற்கிறதா?" என்றார். சரிந்துவிட்டது என்றோம். "நான் தோளிலிருந்து இறங்கி அதன்மேல் உட்கார்ந்தேன்" என்று சொல்லி, நெடுநேரம் பேசாதிருந்தார். ஒரு தலைமுறைக்குள் ஒரு மதில் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை வழக்காடினால் வழக்கு மிஞ்சும், கோட்டம் மிஞ்சாது. வென்றவர் கையில் கற்குவியல்தான் சேரும்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அச்சிறுமிக்கு விடை கூறினோம்: "குழந்தாய்! கண்ணகி பிறந்தது சோழநாட்டுப் பூம்புகாரில். நீதி கேட்டது பாண்டிய நாட்டு மதுரையில். தெய்வமானது சேரநாட்டு மலையில். அவள் கதையை எழுதியவர் சேரநாட்டு இளங்கோ. எழுதிய மொழி தமிழ். மூன்று நாட்டையும் நடந்தே கடந்தவளை எந்த ஒரு நாட்டவள் என்று நாம் சொல்வது?"

சிறுமி சற்றுச் சிந்தித்து, "அப்படியானால் அவளும் நம்மைப்போல ஊர் மாறி வந்தவள்" என்றாள்.

அன்பர்களே! இதனினும் சிறந்த விடையை யாம் எழுத வல்லோம் அல்லோம். நம் முன்னோர் பிழைப்புத் தேடி வந்தனர். அவள் நீதி கேட்டுப் புறப்பட்டு, யாவும் இழந்தபின் இங்கே வந்தாள். வந்த நாட்டவர் அவளை அந்நியள் என்று தள்ளவில்லை. குறவர் குரவையாடினர், அரசி கோயில் கேட்டாள், அரசன் கல்லெடுத்தான்.

ஆகவே நம் காலனிக் குடும்பங்களுக்கு இரு வேண்டுகோள் விடுக்கிறோம். வாழ்நாளில் ஒருமுறையேனும், கால் வலுவுள்ளபோதே, குழந்தைகளுடன் சித்திரைப் பௌர்ணமியன்று அம்மலை ஏறுங்கள். செல்லும்போது மலையாள நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரு மாநில அரசுகளும் ஆண்டுக்கு ஒருநாள் ஒரே முற்றத்தில் கூடி விழா நடத்த முடிகிறது என்றால், அதே முற்றத்தில் கூடி விழுந்த கல்லை எடுத்து நிறுத்தவும் முடியும். அந்நாள் விரைவில் வருக!

மங்கலதேவி அருளால் இரு மொழி மக்களும் ஒற்றுமையாய் வாழ்க! நம் சங்கம் வளர்க! வாழ்க தமிழ்!